சீனி குடிக்காத தண்ணீர்

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். இடம், அன்னவாசலில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். நேரம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று. நீள மேசையின் நடுவில், வாசலைப் பார்த்தபடி சங்கத் தலைவர் கோபிநாத் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் கால்நடை மருத்துவர் ஹஃப்சா, முன்னால் ஒரு மஞ்சள் அட்டையுடன். இடப்பக்கம் செயலாளர் முனியசாமி, நடப்பதை எழுதுவதற்கு. எதிர் வரிசையில் வனிதா. வனிதாவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. அதற்கு அடுத்ததில் அவளுடைய அப்பா வெள்ளைச்சாமி. நான் அந்த வரிசையில் உட்காரவில்லை. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

காலியாக இருந்தது எனக்குப் போட்ட நாற்காலி. வெள்ளைச்சாமி கூப்பிடத்தான் செய்தார், "வாங்க பாய், இங்கிட்டு வாங்க" என்று. இங்கே காற்று வருகிறது என்று சொல்லிவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் என்ன காற்று.

அங்கே நடந்தது ஒரு விசாரணை; அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் சங்கம் அன்னவாசலில் நடத்திய அறுபது கிலோமீட்டர் நெடுந்தூரக் குதிரைப் போட்டியைப் பற்றியது. எங்கள் மாவட்டத்தில் குதிரைப் போட்டி என்றால் எல்லாருக்கும் எல்கைப் பந்தயம்தான் தெரியும். வண்டியில் பூட்டி ரோட்டில் விட்டு, எல்கையைத் தொட்டுத் திரும்புகிறவர்களில் முன்னால் வருகிறவர் ஜெயித்தார். குதிரை அதற்கப்புறம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நெடுந்தூரப் போட்டியில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். இருபது கிலோமீட்டருக்கு ஒரு சுற்று. சுற்று முடிந்து வந்ததும் குதிரையின் நாடித் துடிப்பை எண்ணுவார்கள். இருபது நிமிடத்துக்குள் அது அறுபத்து நாலுக்கு இறங்கியிருக்க வேண்டும். மருத்துவர் வயிற்றில் குழல் வைத்துக் குடல் சத்தம் கேட்பார், ஈறை அழுத்திப் பார்ப்பார், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்ப்பார். எல்லாம் மஞ்சள் அட்டையில் ஏறும். ஒன்று சரியில்லை என்றாலும் குதிரை வெளியே, எவ்வளவு வேகமாக ஓடி வந்திருந்தாலும் சரி.

குதிரை என்னுடையது. பெயர் சீனி. ஏறி ஓட்டியது வனிதா. மூன்றாவது சுற்றில், ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில், சித்தன்னவாசல் மலைக்குக் கீழே ஒரு கண்மாய்க் கரையில் சீனி நின்றுவிட்டது. பின்னங்கால் இரண்டும் பலகை மாதிரி இறுகிப் போய், ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

என் பெயர் ராஜா முகமது. ஊர் கட்டுமாவடி. அன்னவாசலில் மாமா வீட்டில் தங்கிப் பத்தாவது வரை படித்தேன். எதையும் தேதி, நேரம் போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் பிடித்தது; இன்னும் விடவில்லை. பிறகு வளைகுடாவில் பதினோரு வருடம் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தேன். நெடுந்தூரப் போட்டிக் குதிரைகள். வாளி தூக்குவது, ஓடி வரும் குதிரைமேல் தண்ணீர் ஊற்றுவது, வழித்து விடுவது, மறுபடி ஊற்றுவது. போட்டி முடிந்ததும் பெரிய பலகையில் மூன்று கட்டம் எழுதுவார்கள்: குதிரை, சவாரி செய்தவர், உரிமையாளர். மூன்றாவது கட்டத்தைத்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்று வாசிப்பேன். ஊர் திரும்பியதும் வண்டிப் பந்தயக்காரர் ஒருவரிடம் சீனியை வாங்கினேன். வெள்ளை உடம்பு, நல்ல மூச்சு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கட்டினேன்.

வனிதா அன்னவாசல்காரி. காலேஜில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் சவாரி பழகியவள். சனிக்கிழமை தவறாமல் புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் பஸ் மாறி எங்கள் ஊருக்கு வருவாள். கடற்கரை ஓரத்திலும் சவுக்குத் தோப்புப் பாதையிலும் சீனியை ஓட்டுவாள். ஒன்றரை வருடம் அப்படி வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு தங்கிப் படிக்கும் பள்ளியில் அவளுக்குச் சவாரி ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறுபது கிலோமீட்டர் முடித்த சான்றிதழ் மட்டும் வேண்டும் என்றார்கள். நாற்பது கிலோமீட்டரை முந்தின வருடம் மணமேல்குடிப் பக்கம் முடித்தாகிவிட்டது. ஆக, எனக்கு மூன்றாவது கட்டம், அவளுக்கு வேலை. இரண்டும் சீனியின் நாலு காலில் இருந்தன.

இனித் தண்ணீர் விஷயம்.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் வனிதா போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள், இருபத்திரண்டு வரி. நான் அதை நோட்டில் பார்த்து எழுதி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து டிக் போட்டேன். ஒன்பதாவது வரி: வீட்டுத் தண்ணீர், பத்து கேன். அந்த வரியை மட்டும் நான் அடித்துவிட்டு, 'நல்ல தண்ணீர் கேன், கடையில்' என்று எழுதினேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு. கடல் உப்பு இல்லை, ஆனால் நாக்கில் தெரியும். அதில் போட்ட சாயாவை வெளியூர்க்காரர்கள் ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை. வெள்ளைச்சாமி ஒரு முறை மகளோடு வந்தபோது ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ஏன் பாய், ஒங்க ஊருல கொழம்புக்கு உப்பே போட வேணாம் போலருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். ஆனால் அது மனதில் கிடந்தது. அன்னவாசலில் அத்தனை பேர் முன்னால், கோயம்புத்தூர், ஓசூரிலிருந்தெல்லாம் டிரெய்லரில் குதிரை கொண்டுவருகிறவர்கள் முன்னால், உப்புத் தண்ணீரைக் கேனில் பிடித்துக் கொண்டுபோய் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. குதிரைக்கு நல்லதுதானே செய்கிறோம் என்றும் நினைத்தேன். மனிதர் குடிக்கும் கேன் தண்ணீர், சீல் உடைக்காதது.

சீனி பிறவியில் எங்கே குடித்ததோ, என்னிடம் வந்த மூன்று வருடமாக அந்த உப்புக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. அன்னவாசலுக்கு அன்றுவரை அது போனதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மினி லாரியில் இறக்கியதிலிருந்தே சரியாகக் குடிக்கவில்லை. புது இடம், அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். காலையில் ஐந்தரைக்கு ஓட்டம் தொடங்கியது. முதல் சுற்று முடிந்து வந்தபோது நாடி ஒன்பதே நிமிடத்தில் அறுபதுக்கு இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த ஓசூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து யார் குதிரை என்று கேட்டார். என்னுடையது என்றேன். அந்த வார்த்தை வாயில் இனித்தது. அந்த இடைவேளையிலும் சீனி தண்ணீரில் வாய் நனைத்ததே தவிரக் குடிக்கவில்லை.

இரண்டாவது சுற்று முடிந்தது பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். வெயில் ஏறிவிட்டது. நீல வாளியில் கேன் தண்ணீரை ஊற்றி முன்னால் வைத்தேன். சீனி மூக்கை உள்ளே விட்டு, உதட்டை நனைத்து, தலையைத் தூக்கிவிட்டது. தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது. மறுபடி வாளியைத் தூக்கிக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேரம் போய்க்கொண்டிருந்ததால் அந்த வாளித் தண்ணீரை எடுத்துக் கழுத்திலும் தொடைக்கு உள்ளேயும் ஊற்றி வழித்தேன். வாளி காலியானது.

அந்த நேரத்தில் வனிதா வந்தாள். ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் பாதி இட்லி. முகம் எல்லாம் செம்மண்.

"தண்ணி குடிச்சுச்சாண்ணே?"

நான் காலி வாளியைப் பார்த்தேன். குடிக்கவில்லை என்று சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அங்கேயே விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவாள். அவளுக்குக் குதிரைதான் முதலில்.

"குடிச்சிருச்சுத்தா. ஒரு வாளி."

நோட்டிலும் எழுதினேன். காலை 10.05, குடித்தது, 1 வாளி.

டாக்டர் ஹஃப்சா வயிற்றில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார். சத்தம் குறைவாக இருக்கிறதே, தண்ணீர் குடித்ததா என்று வனிதாவிடம் கேட்டார். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல், குடித்தது டாக்டர், ஒரு வாளி, என்றாள். நான் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். டாக்டர் அட்டையில் எழுதினார், பார்த்துப் போகச் சொன்னார், அனுப்பினார்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டேன். கண்மாய்க் கரையிலிருந்து வனிதா போன் செய்தபோது அவள் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது தன் சட்டைமேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கண்மாய்த் தண்ணீரில் நனைத்துச் சீனியின் கழுத்தில் போட்டிருந்தாள். சீனியின் உடம்பில் வியர்வை நின்றுபோயிருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. தசை கரைந்து வருகிறது என்றார் டாக்டர். நரம்பில் ஊசி குத்திப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டது. ஆனால் இனி ஓட்டம் கிடையாது, மெதுவாக நடக்கலாம், அவ்வளவுதான்.

புதன்கிழமை மத்தியானம் கட்டுமாவடியில் லாரியிலிருந்து இறக்கினோம். சீனி பின்னங்காலை இழுத்து இழுத்து நேராகக் கிணற்றடித் தொட்டிக்குப் போனது. தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது, பாசி படிந்த உப்புத் தண்ணீர். வாயை வைத்தது. எடுக்கவே இல்லை. தொண்டையில் ஒவ்வொரு மடக்கும் உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொட்டி வற்றியதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கயிற்றைப் போட்டு இறைத்து ஊற்றினேன். அதையும் குடித்தது.

அது குடிக்காதது தாகம் இல்லாமல் இல்லை. இந்தத் தண்ணீரைத்தான் தேடியது. ஒன்பதாவது வரி.

ஆகவே, மண்டபத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டும் தெரியும். சீனி ஏன் குடிக்கவில்லை என்பதும் தெரியும், குடித்தது என்று யார் சொன்னது என்பதும் தெரியும்.

டாக்டர் ஹஃப்சா அட்டையை வாசித்தார். ரத்தப் பரிசோதனைத் தாளையும் வாசித்தார். இவ்வளவு வற்றிப்போன உடம்பில் அன்று காலை ஒரு வாளி தண்ணீர் போயிருக்க முடியாது என்றார். குரலில் கோபம் இல்லை. அந்தச் சொல்லை நம்பி அனுப்பியது தன் தப்பும்தான் என்று சேர்த்துச் சொன்னார். கோபிநாத் வனிதாவைப் பார்த்தார்.

"ஒரு வாளி குடிச்சத நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார்."

"அப்பறம் எதை வச்சுச் சொன்னீங்க?"

வனிதா என் பக்கம் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அதன் கையில் ஒட்டியிருந்த எதையோ விரலால் சுரண்டினாள்.

"மேல இருந்தவ நாந்தான் சார். நாந்தான் பாத்துருக்கணும்."

எனக்குப் பக்கத்தில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து அதை இறுக்கி மூடினேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் செய்த காரியம் அது ஒன்றுதான். உரிமையாளர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கோபிநாத் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். முனியசாமி அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவு அங்கேயே வாசிக்கப்பட்டது. குதிரையை அளவுக்கு மீறி ஓட்டியது, மருத்துவரிடம் தெரிந்தே பொய்த் தகவல் சொன்னது. இரண்டு காரணம், ஒரு வருடத் தடை. எந்தக் குதிரையில் எது நடந்தாலும் பொறுப்பு மேலே இருப்பவருடையது என்பது இந்தப் போட்டியின் சட்டம். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தரலாம்.

வெளியே வந்ததும் வெள்ளைச்சாமி எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "குதிரைக்கு எப்படி இருக்கு பாய்? தண்ணியெல்லாம் எடுக்குதா?" என்று கேட்டார். எடுக்கிறது என்றேன். டீ சூடு போவதற்குள் குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

கடிதம் எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். செவ்வாய்க்கிழமை முதல் நகல் எழுதினேன். நாலு பக்கம். வானிலை, போட்டிப் பாதையின் மண், பங்குகொண்ட குதிரைகளின் எண்ணிக்கை எல்லாம் வரிசையாக வந்தன. தண்ணீர் மூன்றாம் பக்கத்தில் வந்தது. 'குதிரை தண்ணீர் அருந்தியிருக்கும் என்று கருதப்பட்டது' என்று எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்து மடித்து வைத்தேன். வியாழன் இரண்டாவது. அதில் இடம் மாறிய தண்ணீர் குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை நீளமாக விளக்கியிருந்தேன். சனிக்கிழமை மூன்றாவது. அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி பஸ் வந்து போனதைக் கொட்டகையிலிருந்து கேட்டேன். சீனியும் காதைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தது. யாரும் வரவில்லை.

மூன்றாவது நகலை ரஹீமா பீவியிடம் வாசித்துக் காட்டினேன். என் மனைவி மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் கையை உதறினாள்.

"இதக் கேட்டா கேன் போடுறவனப் பிடிச்சுத்தான் உள்ள வைக்கணும் போலருக்கு."

நான் தாளை மடித்தேன்.

"அது குடிக்கலைங்கிறத நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

"பாத்தேன்."

"அத எழுதுங்க. மத்ததெல்லாம் எதுக்கு."

அன்று இரவு அதை எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. எழுதினால் சங்கத்தில் என் பெயர் போய்விடும் என்பது உண்மை. அதைவிட, எழுதினால் அது நடந்ததாகிவிடும் என்று ஒரு பயம். பதினோராவது நாள், புதன்கிழமை, வனிதாவுக்குப் போன் செய்தேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகச் சொன்னாள். பின்னால் ஹாரன் சத்தம். கடிதம் அனுப்பப் போகிறேன், பள்ளிக்கூடத்திலும் காட்டலாம் என்றேன்.

"ஸ்கூல்ல வேற ஆளப் போட்டாச்சுண்ணே. நேத்துதான் போன் வந்துச்சு."

செவ்வாய், வியாழன், சனி. மூன்று நகல். அந்த நாட்களை மனதுக்குள் எண்ணினேன். முதல் நாளே பத்து வரி எழுதியிருந்தால் போதும்.

சீனி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கொட்டகையைச் சுற்றி நடக்கிறது என்றேன். பிறகு சொன்னேன்.

"அன்னைக்கு அது குடிக்கலைத்தா. தெரிஞ்சேதான் ஒங்கிட்ட சொன்னேன்."

"தெரியும்ணே. கம்மாக் கரையில நின்னுக்கிட்டிருந்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏந்த்தா அங்க சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அன்று மத்தியானம் நாலாவது கடிதத்தை எழுதினேன். ஒரே தாள், ஒரு பக்கம். அது இதுதான்:

'ஐயா, இரண்டாம் சுற்று இடைவேளையில் என் குதிரை சீனி தண்ணீர் குடிக்கவில்லை. அதை நான் நேரில் பார்த்தேன். வாளித் தண்ணீரை நான்தான் அதன் உடம்பில் ஊற்றிக் காலி செய்தேன். குடித்தது என்று வனிதாவிடம் பொய் சொன்னேன். அவர் என்னை நம்பி அதை மருத்துவரிடம் சொன்னார். வீட்டுத் தண்ணீர் கொண்டுவரும்படி அவர் முன்பே எழுதியிருந்தார், நான் கொண்டுவரவில்லை. குடிக்கவில்லை என்று தெரிந்திருந்தால் அவர் மூன்றாம் சுற்றுக்குப் போயிருக்க மாட்டார். என் குதிரை முடித்த பட்டியலில் வர வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். விசாரணையில் கேட்டபோதும் சொல்லவில்லை. தண்டனை எனக்கு உரியது. தெரிந்தே பொய் சொன்னவர் என்ற சொல்லை அவர் பெயரிலிருந்து எடுத்துவிட வேண்டுகிறேன்.'

கையெழுத்துப் போட்டேன். நோட்டை எடுத்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் எந்த நோட்டிலும் தாள் கிழித்ததில்லை. அடித்த ஒன்பதாவது வரி இருந்த தாளையும், '10.05, குடித்தது, 1 வாளி' என்று இருந்த தாளையும் அடிக்கோலை வைத்துக் கிழித்து இணைத்தேன். கடிதத்தின் பிரதி ஒன்று எடுத்து வனிதாவின் விலாசம் எழுதிய இன்னோர் உறையில் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை மணமேல்குடி போஸ்ட் ஆபீஸ். எனக்கு முன்னால் இரண்டு பேர். கவுன்டரில் இருந்த அம்மா உறையைத் திருப்பிப் பார்த்து, ஒட்டவில்லையே என்றார். ஆமாம், ஒட்டவில்லை. வழி முழுக்கத் திறந்தபடியே கொண்டுவந்திருக்கிறேன். பசை டப்பாவை என் பக்கம் தள்ளினார். விளிம்பு முழுக்கத் தடவி, மடித்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது உறைக்கும் அப்படியே. அவர் இரண்டையும் தராசில் வைத்தார், சீட்டு ஒட்டினார், முத்திரை குத்தினார், பின்னால் வாய் திறந்து தொங்கிய சாக்குப் பைக்குள் போட்டார்.

மணி பதினொன்று நாற்பது.